சீட்டும் சாட்சியும்

சென்ற தவக்காலத்தில் என் தந்தையாரின் பழைய செபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிலுவைப்பாதைச் செபங்களின் நடுவிலிருந்து சிறு அட்டை ஒன்று நழுவி மடியில் விழுந்தது. கருங்குழியிலிருந்து செங்கற்பட்டுக்கு இரண்டாம் வகுப்பில் செல்வதற்கான இரயில் பயணச்சீட்டு அது. தீப்பெட்டியின் மேற்பக்கத்தைவிடச் சற்றே பெரிய, கெட்டியான பழுப்பு அட்டை. தேதி பதிந்த பள்ளம் ஓரத்தில் தடவினால் தெரிகிறது. எண்களைப் படிக்க இயலவில்லை. பரிசோதகர் தம் இடுக்கியால் வெட்டும் துளை மட்டும் அதில் இல்லை.

இது எனக்கு வியப்பாயிருந்தது. அட்டைச் சீட்டு வழங்கிய நாட்களில், இறங்கும் நிலையத்தின் வாயிலில் ஒருவர் நின்று சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பயணம் முடிந்த சீட்டு வீட்டுக்கு வருவதில்லை. அப்படியிருக்க, துளையிடப்படாத, ஒப்படைக்கப்படாத ஒரு சீட்டு செபப் புத்தகத்துக்குள் எப்படி வந்தது? அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்ன விடையைப் பின்னர் எழுதுகிறேன். அந்த அட்டை என்னை வேறொரு கேள்விக்கு இட்டுச் சென்றது. பணம் கொடுப்பது ஒன்று. கொடுத்தேன் என்று காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போது பிரிந்தன? பிரிந்தபின் அவற்றுக்கிடையே இடறி விழுந்தவர்கள் யார்?

கருங்குழி என்றதும் வடலூரை அடுத்த, இராமலிங்க அடிகள் வாழ்ந்த கருங்குழியை நினைப்போர் பலர். நான் சொல்வது செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில், படாளத்தை அடுத்து இரயில் நிற்கும் கருங்குழி. இன்று விரைவு வண்டிகள் நில்லாமல் கடந்துபோகும் இவ்வூர் ஒருகாலத்தில் கோட்டையூர். கர்நாடகப் போர்களின்போது, 1759லும் 1781லும், இக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகிர் நிலப்பகுதியே பின்னர் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கலெக்டருக்குச் சில காலம் இருக்கையாக விளங்கியதும் கருங்குழியே. மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்ட லயனல் பிளேஸ் 1794 முதல் 1798 வரை இந்த ஜாகிருக்குக் கலெக்டராயிருந்தவர்.

அக்காலத்துக் குடியானவர் ஒருவர் வரிப்பணத்தோடு நின்ற நிலையை எண்ணிப் பார்க்கிறேன். கம்பெனியின் கணக்கு நட்சத்திர வராகனில் நடந்தது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது ஏட்டுக் கணக்கு. கடைத்தெருவில் அந்த விகிதம் நாளுக்கு நாள் மாறியது. ஆர்க்காட்டு ரூபாயும் புழக்கத்தில் இருந்தது. நெல் விற்ற கையில் இருந்தவை காசும் பணமும், கேட்கப்பட்டதோ வராகன். இடையில் சராப்பு உட்கார்ந்திருந்தார். நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். வரி கட்டப் போதுமான பணத்தோடு வீட்டை விட்டுப் புறப்பட்டவர், கட்டுமிடத்தை அடையும்போது சிறிது குறைவாகக் கொண்டுவந்தவர் ஆகிவிடுவார். 1818இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே நாணயம் என்றும், நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்றும் கம்பெனி விதித்த பின்னரே இக்குழப்பம் மெல்லத் தணிந்தது.

ஐந்தாறு தலைமுறை கழித்து இதே போன்ற ஒன்று மீண்டும் நடந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் அணா போய் நயா பைசா வந்தது. ஓர் அணா ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓரணாவுக்கு ஆறு என்று வைத்தார்கள். நாலணாவாக ஒருசேரக் கொடுத்தால் இருபத்தைந்து. ஓரணா ஓரணாவாக நான்கு முறை கணக்கிட்டால் இருபத்து நான்கு. அந்த ஒரு பைசா எங்கே போயிற்று என்று கேட்டவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவர்கள் கேட்டது சரியான கேள்விதான்.

இனி அட்டைச் சீட்டின் கதைக்கு வருவோம். அதை உருவாக்கியவர் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர். 1792இல் இலங்காஸ்டர் நகரில் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். தச்சுத் தொழிலில் கைதேர்ந்தவர். சொந்தத் தொழில் நொடித்துப்போய்க் கடனாளியான நிலையில், 1836இல் நியூகாசில் - கார்லைல் இரயில் பாதையில் மில்டன் என்னும் சிறு நிலையத்துக்கு அதிபராகச் சேர்ந்தார். அதுவரை குதிரை வண்டி வழக்கப்படி, ஒவ்வொரு பயணிக்கும் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்துவந்தார்கள். எழுத்தர் எத்தனை தாள் எழுதினார், எவ்வளவு பணம் பெற்றார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். எட்மண்ட்சன் சிறு அட்டைகளில் ஊர்ப்பெயரை அச்சிட்டு, ஒன்று இரண்டு மூன்று என எண்ணிட்டு, பெட்டியில் வரிசையாக அடுக்கினார். மாலையில் மேலே இருக்கும் அட்டையின் எண்ணைப் பார்த்தால் அன்று விற்றது எவ்வளவு என்பது புலப்படும். பின்னர் தேதி குத்தும் பொறியையும் சேர்த்தார். 1839இல் மான்செஸ்டர் - லீட்ஸ் இரயில் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. பாதையின் ஒரு மைலுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து ஷில்லிங் என உரிமைத்தொகை பெற்று அவர் செல்வரானார். செல்வரானபின் பழைய கடன்காரர் அனைவருக்கும் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. எரிகோ நகரத்துச் சக்கேயுவின் நினைவு எனக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்மண்ட்சனின் அட்டை பயணியை நம்பாததால் பிறந்ததன்று. நிறுவனம் தன் சொந்த எழுத்தரை நம்பாததால் பிறந்தது அது. எண்ணிட்ட அட்டை எழுத்தருக்கு எதிரான சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியைச் சுமந்து செல்லும் வேலை பயணியின் தலையில் விழுந்தது. அட்டையைத் தொலைத்தவர், பணம் கொடுத்திருந்தும் கொடுக்காதவராக எண்ணப்பட்டார்.

தென்னகத்தில் முதல் இரயில் 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. 1874இல் உருவான தென்னிந்திய இரயில்வேயின் குறும்பாதை அந்தப் பத்தாண்டிலேயே செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாகத் தெற்கே நீண்டது. கருங்குழியின் வயல்களை அப்போதுதான் தண்டவாளம் கிழித்துச் சென்றது. வேளாங்கண்ணிக்கு நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்றுவந்த நம் முன்னோர் நாகப்பட்டினம் வரை இரயிலேறும் காலம் தொடங்கிற்று.

மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்குவது அந்நாளில் ஒரு போராட்டம். வண்டி வருவதற்குச் சற்று முன்னர்தான் சாளரம் திறக்கும். உள்ளே இருப்பவரின் கையும் வெளியே இருப்பவரின் கையும் மட்டுமே ஒன்றையொன்று காணும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கூடுதலாக வாங்குவது, சில்லறையைக் குறைத்துக் கொடுப்பது, வேறோர் ஊருக்கான அட்டையைக் கொடுத்துவிடுவது ஆகிய முறையீடுகள் நாடெங்கும் எழுந்தன. இதற்குச் சட்டம் அளித்த விடை கவனிக்கத்தக்கது. 1890ஆம் ஆண்டு இந்திய இரயில்வே சட்டத்தின் 66ஆம் பிரிவு, சீட்டில் வகுப்பும், புறப்படும் இடமும், சேரும் இடமும், கட்டணமும் பொறிக்கப்படவேண்டும் என்றது. கடைசி வகுப்புச் சீட்டாயின் அவ்விவரங்கள் அப்பகுதியில் வழங்கும் மக்கள் மொழியில் இருக்கவேண்டும். மேல்வகுப்புக்கு ஆங்கிலம் போதும் என்றும் விதித்தது. ஏழையின் கையிலிருக்கும் சாட்சி ஏழைக்குப் புரியவேண்டும் என்ற எண்ணம் ஓர் அயல்நாட்டு அரசின் சட்டத்துக்கும் தோன்றியிருக்கிறது. கடல் கடந்த இலங்கையில் மிக அண்மைக்காலம் வரை வழங்கிய அட்டைச் சீட்டுகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் இருந்தன. மடு மாதா திருவிழாவுக்குச் சென்ற தமிழர் தம் சீட்டைத் தாமே படித்துக்கொள்ளலாம்.

அதே சட்டத்தில் 68ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. சீட்டின்றி எவரும் வண்டியில் ஏறலாகாது என்று தடுத்தபின், அதே மூச்சில் ஒரு சிறு கதவையும் திறந்துவைத்தது. சீட்டு வாங்க இயலாத பயணி இரயில்வே ஊழியரிடம் தெரிவித்தால், அவர் பயணத்துக்கு இசைந்து, கட்டணத்தைப் பின்னர் செலுத்தலாம் எனச் சான்று எழுதிக் கொடுக்கலாம். ‘கார்டு சர்டிபிகேட்’ என்று பழைய பயணிகள் சொன்னது இதைத்தான். வண்டியின் கடைசிப் பெட்டிக்கு ஓடிப்போய், பச்சைக்கொடி பிடித்தவரிடம் நடந்ததைச் சொன்னால் போதும். அவர் முகத்தைப் பார்த்து நம்புவார். நம்பியதைத் தாளில் எழுதித் தருவார். 1989ஆம் ஆண்டின் புதிய இரயில்வே சட்டமும் தன் 55ஆம் பிரிவில் இந்தக் கதவை மூடிவிடவில்லை. ‘கார்டு’ என்ற பதவிப் பெயர்தான் 2022இல் ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாறியது.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறையில் சீட்டு எல்லோரையும் ஒரேபோல் காப்பாற்றவில்லை. 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகளை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டபோது அவர் பையில் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது. சாட்சி கையில் இருந்தும் செல்லவில்லை. பின்னர் இந்தியா திரும்பி, தாமே விரும்பி மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, பம்பாயிலிருந்து சென்னை வந்த அனுபவத்தையும் வைத்து 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் நிலைபற்றி ஒரு சிறு நூலே எழுதினார்.

அம்மா சொன்ன விடையை இப்போது சொல்லலாம். ஒருநாள் காலை தந்தையார் வேலைக்குப் புறப்படத் தாமதமாகிவிட்டது. நிலையத்தை அடைந்தபோது வண்டி வந்துகொண்டிருந்தது. சீட்டு வாங்காமலே ஏறிவிட்டார். செங்கற்பட்டில் அன்று கூட்டம். வாயிலில் எவரும் அவரைக் கேட்கவில்லை. மாலையில் வீடு திரும்பியவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலை அன்றைய சீட்டோடு இன்னுமொரு சீட்டை வாங்கினார். ஒன்றைக் காட்டிப் பயணம் செய்தார். மற்றொன்று நேற்றைக்கு உரியது. “கிழிச்சுப் போட்டுடலாமே” என்று அம்மா சொன்னதற்கு, “இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாராம். ஏன் கிழிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. யாரிடம் காட்டுவதற்கு அந்தச் சாட்சி?

சீட்டில்லாப் பயணத்துக்கு ஈடாக, அதே விலைச் சீட்டு வாங்கிக் கிழித்துவிடும் பழக்கம் முற்காலத்துப் பெரியவர்கள் சிலரிடம் இருந்ததை வாசக அன்பர்கள் கேட்டிருக்கக்கூடும். இதற்குப் பின்னே பழைய இறையியல் விவாதம் ஒன்று உண்டு. சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுவதில்லை, பிடிபட்டால் தண்டனையை ஏற்பதற்கு மட்டுமே கட்டுகின்றன என்று பிரான்சிஸ்கோ சுவாரெஸ் (1548-1617) முதலிய அறிஞர் சிலர் கருதினர். பிடிபட்டால் அபராதம், இல்லையேல் இலாபம் என்று இரயிலில் துணிபவர்கள், தாம் அறியாமலே இந்த அறிஞர்களின் நிழலில் ஒதுங்குகிறார்கள். ஆனால் அந்த நிழல் அவ்வளவு தூரம் நீளாது. இரயில் கட்டணம் பெற்ற சேவைக்கு உரிய விலை. விலையைக் கொடுக்காதவர் பிறர் பொருளை வைத்திருப்பவரே. பிடிபட்டாலும் படாவிட்டாலும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் ஈடுசெய்தலைப் பற்றிப் பேசுமிடத்தில் சக்கேயுவையே எடுத்துக்காட்டுகிறது. தந்தையார் இந்த ஏடுகளைப் படித்தவர் அல்லர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுப் படித்ததுதான்.

பணம் கொடுக்காமல் சென்றுவிட்டு மனம் வருந்துவோர் கதை இது. இன்று நான் அதிகம் காண்பது இதன் மறுதலையான துன்பம்: கொடுக்க விரும்பியும், சில வேளைகளில் கொடுத்தும், கொடாதவராக நிற்போர்.

அட்டைச் சீட்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்டபின் விலகிற்று. முன்பதிவுக்குக் கணினி 1986இல் தில்லியில் வந்தது. முன்பதிவில்லாச் சீட்டுக்கு 2002இல் அங்கேயே தொடங்கியது. சிறு நிலையங்களில் அட்டை இன்னும் சில காலம் நீடித்தது. பின்னர் மெல்லிய தாளில் மங்கிய எழுத்து. பிறகு தாளும் வேண்டாம் என்று 2014 டிசம்பரில் மும்பைப் புறநகர் வண்டிகளுக்கும், 2015இல் சென்னைக்கும் கைப்பேசிச் செயலி வந்தது. 2025 ஜூலை முதல் நாள் ‘ரெயில்ஒன்’ என்னும் புதிய செயலி அறிமுகமாயிற்று. இளைஞருக்கு இவை பெரும் வசதி. வரிசை இல்லை, சில்லறைத் தகராறு இல்லை. எழுத்தரின் கையை நம்பவேண்டியதும் இல்லை. எட்மண்ட்சன் தேடியது முழுமையாகக் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆயினும் செயலிக்குள் ஒளிந்திருக்கும் விதிகளை எண்ணிப் பாருங்கள். தாளில்லாச் சீட்டை நிலையத்துக்கு வெளியே நின்றுதான் எடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். செயற்கைக்கோள் வழியே கைப்பேசி தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளும். காரணம் நியாயமானதே. பரிசோதகரைக் கண்டபின் அவசரமாகச் சீட்டெடுப்பதைத் தடுக்கவேண்டுமல்லவா? ஆனால் நடைமேடையில் நின்று, வண்டி வரும் ஓசை கேட்க, நடுங்கும் விரலால் செயலியைத் திறக்கும் முதியவருக்கு இது தெரியுமா? நிலையத்தில் ஒட்டியுள்ள க்யூஆர் கோடைப் படமெடுத்தால் உள்ளேயும் சீட்டு எடுக்கலாம். அந்தத் தாள் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று தேடவேண்டும். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்ட சீட்டு செல்லாது. செயலியைத் திறந்தே காட்டவேண்டும். மின்கலம் தீர்ந்துவிட்டால் சீட்டும் தீர்ந்தது. சில வேளைகளில் பணம் கணக்கிலிருந்து கழிந்துவிடும், சீட்டு உருவாகாது. பணம் சில நாட்களில் திரும்பிவிடும். அதுவரை அந்தப் பயணி பணம் கொடுத்தவரா, கொடாதவரா? சட்டம் சொல்லும் விடை 138ஆம் பிரிவில் இருக்கிறது: கட்டணமும், அதோடு கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவும்.

தாள்சீட்டிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாப் பயணத்தை, சீட்டு வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அதன்பின் புறப்படும் முதல் வண்டியில் தொடங்கவேண்டும் என்று 2016 மார்ச்சில் விதி வந்தது. காலையில் வாங்கிய சீட்டு மாலை வரை செல்லும் என்ற பழைய எண்ணத்தோடு சந்தைக்குப் போய்விட்டு வந்தவர்கள் திகைத்தார்கள். கொரோனாக் காலத்தில் 2020இல் நிறுத்தப்பட்ட சாதாரணப் பயணி வண்டிகள் மீண்டும் ஓடியபோது விரைவு வண்டிக் கட்டணத்தோடு வந்தன. அதே பெட்டி, அதே மரநிழல் நிலையங்களில் அதே நிறுத்தம். குறைந்த கட்டணம் மட்டும் பத்து ரூபாயிலிருந்து முப்பது. பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி ஆயிற்று. இந்த நான்காண்டில் பத்து ரூபாய்த் தாளைச் சாளரத்தில் நீட்டியவர்களுக்குப் பதில் சொல்லி எழுத்தர்களும் களைத்திருப்பார்கள்.

சென்னைக்குள் நுழைந்தால் வேறோர் உலகம். 2015 ஜூன் 29இல் தொடங்கிய மெட்ரோவில் வாயிற்கதவே பரிசோதகர். அட்டையைப் பொறியருகே காட்டினால் கதவு திறக்கும். இறங்குமிடத்தில் மீண்டும் காட்டினால் பணம் கழியும். ஒருவருக்கு ஓர் அட்டை. கணவர் காட்டிய அட்டையையே மனைவியும் காட்டினால் கதவு திறக்காது. 2023இல் வந்த சிங்காரச் சென்னை அட்டையை 2025 முதல் மாநகரப் பேருந்துகளும் ஏற்றன. ஆனால் அதே அட்டையோடு பரங்கிமலையில் மெட்ரோவை விட்டிறங்கிப் பக்கத்துப் புறநகர் நிலையத்துக்குள் நடந்தவர்கள், அங்கே தொடுவதற்குப் பொறியும் இல்லை, தடுப்பதற்குக் கதவும் இல்லை என்பதைக் கண்டார்கள். தடுப்பதற்கு எதுவும் இல்லாததால் உள்ளே போகலாம் என்று நினைத்துவிடுவது எளிது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலி மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டெடுக்க வழி செய்தது. அதுவும் கைப்பேசி உள்ளவருக்கே.

நம்மவர் மட்டும்தான் திணறுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். இலண்டனில் 2003இல் ஆய்ஸ்டர் அட்டை வந்தது. 2014 ஜூலையில் பேருந்துகளில் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து வங்கி அட்டையையே சுரங்க இரயிலில் தொட்டுச் செல்லலாம். ஏறும்போது வங்கி அட்டையையும், இறங்கும்போது அதே கணக்கோடு இணைந்த கைப்பேசியையும் தொட்டால் பொறி அவர்களை இரண்டு பயணிகளாக எண்ணும். இருவர் பெயரிலும் முடியாத பயணத்துக்குரிய உச்சக் கட்டணம் விழும். அந்த ஏற்பாட்டுக்கு எல்லையும் உண்டு. ஆண்டுதோறும் வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்குத் திரளும் இலண்டன் தமிழர், இரயிலில் நார்போக் வரை செல்வதாயின் முறையான சீட்டு வாங்கியே ஆகவேண்டும். (வால்சிங்கத்தின் சொந்த இரயில் நிலையம் 1960களில் மூடப்பட்டு, இன்று கீழைச் சபையினரின் சிற்றாலயமாயிருக்கிறது. பயணச்சீட்டு வாங்கிய இடத்தில் இப்போது மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.)

இவற்றையெல்லாம் எண்ணும்போது என் மனம் எருசலேம் ஆலய முற்றத்துக்குச் செல்கிறது. நாணயம் மாற்றுவோர் அங்கே ஏன் இருந்தார்கள்? ஆலய வரியாகிய அரைச் செக்கேலைத் தீர் நகரத்து வெள்ளி நாணயத்தில்தான் செலுத்தவேண்டும். அதில் பொறித்திருந்தது அந்நிய தெய்வமான மெல்கார்த்தின் உருவம். ஆயினும் வெள்ளி தூயதாயிருந்ததால் அதையே கேட்டார்கள். கலிலேயாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் நடந்து வந்த திருப்பயணியின் முடிச்சில் அவர் ஊர்க் காசு இருந்தது. கடவுளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த பணத்தில் ஒரு பங்கை மாற்றுக்கூலியாக இழந்த பின்னரே அவர் முழுமையாகக் கொடுத்தவர் ஆனார். கருங்குழிக் குடியானவரும் சராப்பும் எதிரெதிரே அமர்ந்ததற்கு இது வெகு தொலைவில் இல்லை. அந்த மேசைகள் கவிழ்க்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கிறோம். அதே ஆலய வரியைக் கப்பர்நாகுமில் கேட்டபோது இயேசு பெருமான் மறுக்கவில்லை என்பதையும் மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். மீனின் வாயில் கிடைத்த ஒரே நாணயம், இருவருக்குமாகச் செலுத்தப்பட்டது. முன்னொரு காலத்தில் சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவுக்குக் கணக்கு தெரியும். ஒரு நாணயம், இரண்டு ஆள் என்பதை அவர் மறவாமல் குறித்துவைத்தார்.

ஒரு சீட்டு, இரண்டு ஆள் என்னும் கணக்கு எங்கள் வீட்டிலும் அண்மையில் எழுந்தது. பரங்கிமலைக்குப் போய் மாதாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று அம்மா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தபடியே செயலியில் இருவருக்கும் சேர்த்துச் சீட்டெடுத்துவிட்டுப் புறப்படச் சொன்னேன்.

“சீட்டு எங்கேப்பா?”

கைப்பேசியைக் காட்டினேன். கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது ரெண்டு பேருக்குமா?”

“ஆமாம்மா, ரெண்டு பேருக்கும்தான்.”

“செங்கல்பட்டுல வண்டி மாறி நான் லேடீஸ் பெட்டியில ஏறுவேன். நீ வேற பெட்டியில இருப்ப. அவங்க வந்து என்னைக் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

என்னிடம் பதில் இல்லை. கூட்ட நேரத்தில் எண்பது வயதை நெருங்கியவரைப் பொதுப்பெட்டியில் ஏற்றவும் மனமில்லை. எடுத்த சீட்டை அப்படியே விட்டுவிட்டு, கருங்குழி நிலையத்துச் சாளரத்தில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள்சீட்டு வாங்கினேன். ஒரே பயணத்துக்கு இருமுறை கொடுத்திருக்கிறேன் என்பது வண்டி ஏறியபின்தான் உறைத்தது. அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து, கையிலிருந்த செபப் புத்தகத்தைத் திறந்து, பழைய அட்டை இருந்த அதே பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டார். படாளம் கடக்கும்வரை அதைத் திறந்து இருமுறை பார்த்துக்கொண்டார்.